பெண்டு டிஸ்க்கில்... பழி காலிப்பர் மேல்!

"அந்தக் கார் எல்லாமே அப்படித்தான்!"

பழைய கார் வைத்திருப்பவரின் வாயை அடைக்க இதைவிட வசதியான வாக்கியம் கிடையாது. பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? அந்தக் கார் அப்படித்தான். போன மாதம்தான் ஏர் எடுத்தது, மறுபடியும் பெடல் கீழே போகிறதா? அப்படித்தான். பின் சக்கரத்துப் பேட் ஒரு ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருக்கிறதா? அட, அதுவும் அப்படித்தான்! கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு, பணத்தைக் கட்டிவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியை வீட்டுக்கு ஓட்டிப் போக வேண்டியதுதான்.

இந்தப் பதிலால் பெயர் கெட்டுப்போன கார் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. செவ்ரோலே கார்வெட். எல்லா கார்வெட்டும் இல்லை, 1965 மாடலில் இருந்து 1982 மாடல் வரை வந்தவை. வளைந்து நெளிந்த பைபர் உடம்பு, பெரிய V8 இன்ஜின், இன்றைக்கும் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் பின் பிரேக் என்று பேச்செடுத்தால் போதும், வைத்திருப்பவர் முகம் வாடிவிடும். 'காலிப்பர் அலைன்மென்ட் சரியில்லை' என்று ஒருவர் சொல்வார், 'காலிப்பரே மோசம்' என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேருமே பெரும்பாலும் தவறான இடத்தில் கையை வைக்கிறார்கள் என்பதுதான் இங்கே வாதம். கோணல் டிஸ்க்கில் இருக்கிறது. அடி வாங்குவது காலிப்பர்.

முதலில் அந்த பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். கொஞ்சம் பொறுமை தேவை, ஆனால் இது புரியாமல் ஸ்பேனரை எடுப்பவர்களால்தான் இத்தனை குழப்பமும்.

1965-ல் செவ்ரோலே கார்வெட்டின் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கைக் கொடுத்தது. அன்றைய அமெரிக்காவில் இது பெரிய விஷயம், பெரும்பாலான கார்கள் நான்கு பக்கமும் டிரம்மை வைத்துக்கொண்டு உருண்டுகொண்டிருந்த காலம். டிஸ்க்கின் விட்டம் 11.75 அங்குலம், கனம் 1.25 அங்குலம், நடுவே காற்றுப் போக வழி. ஒவ்வொரு சக்கரத்துக்கும் நான்கு பிஸ்டன் வைத்த காலிப்பர், உள்பக்கம் இரண்டு, வெளிப்பக்கம் இரண்டு. செய்தது ஜெனரல் மோட்டார்ஸின் டெல்கோ மொரெய்ன் பிரிவு. பின் காலிப்பரில் ஒரு பிஸ்டனின் விட்டம் 1 3/8 அங்குலம்.

இங்கே கவனிக்க வேண்டியது, இது நகராத காலிப்பர். இப்போது தெருவில் ஓடும் சாதாரணக் கார்களில் காலிப்பர் ஒரு பின்னின் மேல் இப்படியும் அப்படியும் வழுக்கி, தானே தன்னை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மன்னித்துவிடும். கார்வெட்டின் காலிப்பருக்கு அந்தத் தாராள மனசு கிடையாது. பிராக்கெட்டில் இறுக்கி முடுக்கினால் அங்கேயே நிற்கும். டிஸ்க் அசைந்தால் பிஸ்டன்தான் அசைந்து கொடுக்க வேண்டும்.

அடுத்த விஷயம் இன்னும் முக்கியம். ஒவ்வொரு பிஸ்டனுக்கும் பின்னால் ஒரு சின்ன ஸ்பிரிங். பிரேக் மிதிக்காத நேரத்திலும் பேட் டிஸ்க்கை லேசாகத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக. பிஸ்டனைச் சுற்றி இருப்பது உதடு வைத்த ரப்பர் சீல். உள்ளே இருந்து ஆயில் அழுத்தும்போது அந்த உதடு விரிந்து சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், ஒரு சொட்டு வெளியே போகாது. ஆனால் உள்ளே அழுத்தம் இல்லாதபோது? வெளியே இருந்து உள்ளே வருவதைத் தடுக்க அந்த உதட்டுக்குப் பெரிய அக்கறை கிடையாது.

இப்போது டிஸ்க் லேசாக ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ரிம் பெண்டாகிவிட்டால் சக்கரம் சுற்றும்போது பிரேக் கட்டையில் ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'சர்ர்ர்க்... சர்ர்ர்க்' என்று உரசுமே, அதேதான். சைக்கிளில் உரசுவதோடு முடிந்தது. கார்வெட்டில் டிஸ்க் ஒரு பக்கம் தள்ளும்போது அந்தப் பக்கப் பிஸ்டன்கள் உள்ளே போகும், மறுபக்கப் பிஸ்டன்களை ஸ்பிரிங் வெளியே தள்ளும். அரைச் சுற்றில் எல்லாம் தலைகீழ். பிரேக்கை மிதிக்காமல் நெடுஞ்சாலையில் போகும்போதும் இந்த ஆட்டம் நிற்காது.

எத்தனை முறை? கணக்குப் போட்டே பார்க்கலாம். டயரின் விட்டம் சுமார் 27 அங்குலம், ஒரு சுற்றுக்குச் சுமார் 7 அடி. மணிக்கு 60 மைல் என்றால் நொடிக்கு 88 அடி. ஆக நொடிக்குப் பன்னிரண்டு சுற்றுக்கு மேல், மணிக்குக் கிட்டத்தட்ட 45,000. ஒரு மணி நேரப் பயணத்தில் ஒவ்வொரு பிஸ்டனும் 45,000 தடவை உள்ளே வெளியே போய்வருகிறது. ஒவ்வொரு தடவையும் உதட்டைத் தாண்டி ஒரு துளி காற்று உள்ளே நுழைந்தால் என்ன ஆகும்? காலிப்பர் ஒரு குட்டி சைக்கிள் பம்பாகவே மாறிவிடுகிறது. பெடல் பஞ்சாகிறது. ஏர் எடுத்தால் சரியாகிறது. நூறு மைல் ஓடினால் மறுபடியும் பஞ்சு.

'அந்தக் கார் அப்படித்தான்' என்பதன் ரகசியம் முழுவதும் இவ்வளவுதான். இதில் காலிப்பர் செய்த குற்றம் என்ன?

எவ்வளவு ஆட்டம் இருந்தால் இந்தத் தொல்லை வரும் என்று கேட்டால் பதில் சிரிப்பை வரவழைக்கும். டிஸ்க்கின் விளிம்பில் 0.005 அங்குலத்தைத் தாண்டினாலே தகராறு ஆரம்பம். கவனமாக வேலை செய்பவர்கள் 0.002, 0.003-க்குள் கொண்டுவராமல் விடமாட்டார்கள். எழுதுகிற வெள்ளைத் தாள் ஒன்றின் கனமே சுமார் 0.004 அங்குலம் இருக்கும். ஒரு தாள் கனத்தைக் கண்ணால் பார்த்து 'ம்ம்... நேராத்தான் ஓடுது' என்று சொல்லிவிடும் பட்டறைக்காரரின் கண்ணை என்னவென்று சொல்வது? மியூசியத்தில் வைக்க வேண்டிய கண் :-)

சரி, புதிதாக வந்தபோதும் இந்தத் தொல்லை இருந்ததா? அங்கேதான் கதையின் சுவாரசியமான பகுதி. தொழிற்சாலையில் டிஸ்க்கைத் தனியாகச் செய்து சும்மா மாட்டவில்லை. பின் சக்கரம் உட்காரும் ஸ்பிண்டில் பிளாஞ்சோடு டிஸ்க்கை ரிவெட் அடித்துச் சேர்த்து, இரண்டையும் ஒன்றாகவே கடைந்தார்கள். பிளாஞ்சில் ஒரு கோணல், டிஸ்க்கில் ஒரு கோணல் இருந்தாலும் சேர்த்துக் கடைந்ததால் கடைசியில் டிஸ்க்கின் முகம் அச்சுக்கு நேராக வந்துவிடும். அதாவது அந்த டிஸ்க் அந்த ஸ்பிண்டிலுக்கு மட்டும், அந்த நிலையில் மட்டும்தான் நேர். வேறு இடத்தில் வைத்தால் அதன் நேர்மைக்கு யாரும் உத்தரவாதம் இல்லை.

இந்த இடத்தில் ஹேண்ட் பிரேக் உள்ளே வருகிறது. பின் டிஸ்க்கின் நடுவில் தொப்பி மாதிரி ஒரு குழி, அதற்குள் ஒரு குட்டி டிரம் பிரேக். அதுதான் இந்தக் காரின் ஹேண்ட் பிரேக். அதன் கட்டைகளை மாற்ற வேண்டுமா? டிஸ்க்கைக் கழற்ற வேண்டும். டிஸ்க்கைக் கழற்ற ரிவெட்டை ட்ரில் போட்டு எடுக்க வேண்டும். எடுத்தாயிற்று. கட்டையும் மாற்றியாயிற்று. திரும்ப மாட்டும்போது? ஐந்து போல்ட், ஐந்து ஓட்டை. எந்த ஓட்டை எந்த போல்டில் இருந்தது என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைக்க எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்? கைக்கு வந்தபடி மாட்டியிருப்பார்கள். ஹேண்ட் பிரேக் சரி செய்யப் போன கார் கால் பிரேக்கைத் தொலைத்துவிட்டு வந்தது இப்படித்தான். காரின் சொந்தக்காரருக்கு அது தெரியக்கூட வாய்ப்பில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சில வாரம் கழித்து பெடல் இறங்குகிறது என்பதுதான்.

புது டிஸ்க் வாங்கி மாட்டுபவர்கள் கதையும் அதுவே. கடையில் வரும் டிஸ்க் தனியாகக் கடைந்தது. அதில் 0.004 ஆட்டம், பழைய பிளாஞ்சில் 0.003 ஆட்டம் என்று வையுங்கள். இரண்டும் ஒரே திசையில் சேர்ந்தால் 0.007, எதிர் எதிராக உட்கார்ந்தால் வெறும் 0.001! அதே டிஸ்க், அதே பிளாஞ்ச், அதே போல்ட். திருப்பி மாட்டுகிற நிலை மட்டும்தான் வேறு. ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் 'புது டிஸ்க் போட்டும் சரியாகலையே' என்று புலம்புவதை என்ன சொல்ல?

அடுத்ததாக, ஊரில் உலவும் வைத்தியங்களுக்கு வரலாம்.

முதல் வைத்தியம், ஏர் எடுப்பது. எடுத்துக்கொண்டே இருப்பது. இது ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்துக் கொட்டுகிற வேலை. இறைக்கிறவரைக் குறை சொல்ல முடியாது, ஓட்டை எங்கே என்று தேடாதவரைச் சொல்லலாம்.

இரண்டாவது, சீல் கிட். பழைய ரப்பரை எடுத்துவிட்டுப் புது ரப்பர். பழைய காலிப்பர்களில் இன்னொரு நோய் உண்டு, அதை மறுக்கக்கூடாது. சிலிண்டர் வார்ப்பு இரும்பு. பிரேக் ஆயில் காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் சிலிண்டர் சுவரில் துரு பிடித்துக் குழி விழும், அந்தக் குழியில் சீல் எப்படி ஒட்டும்? ஒழுகும். இதற்காகத்தான் சிலிண்டருக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் இறக்குகிறார்கள். நல்ல வேலை, நிரந்தரமான வேலை. ஆனால் அது துருவுக்கு மருந்து. டிஸ்க் ஆடுவதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஸ்லீவ் போட்ட பளபளப்பான காலிப்பரும் ஆடுகிற டிஸ்க்கில் காற்றை உறிஞ்சத்தான் செய்யும். ஸ்லீவ் போட்டும் தீராதபோது சொந்தக்காரருக்குக் கிடைக்கும் பதில்? அதேதான்... அந்தக் கார் அப்படித்தான்!

மூன்றாவது, சிலிகான் பிரேக் ஆயில். ஈரத்தை உறிஞ்சாது, பெயின்ட்டைத் தின்னாது, நல்லதுதான். ஆனால் நுண்ணிய காற்றுக் குமிழிகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. ஏற்கெனவே காற்று உள்ளே போகிற பிரேக்கில் இதை ஊற்றினால் பெடல் இன்னும் பஞ்சாகும்.

நான்காவதுதான் கொஞ்சம் நுணுக்கமானது. உதடு சீலுக்குப் பதில் ஓ-ரிங் வைத்த பிஸ்டன். காற்று இதைத் தாண்டி எளிதில் போகாது. பெடல் பஞ்சாவது குறைகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஆனால் ஆட்டம் அங்கேயேதான் இருக்கிறது! ஆடுகிற டிஸ்க் பிஸ்டனைப் பின்னால் தள்ளி வைத்துவிடும், அடுத்த முறை மிதிக்கும்போது முதலில் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு பின் காலிப்பரிலும் இரண்டு பிஸ்டன் 0.010 அங்குலம் பின்னால் போனதாக வைத்துக்கொண்டு, 1 அங்குல மாஸ்டர் சிலிண்டர், ஐந்து மடங்கு பெடல் என்று கணக்குப் போட்டால் பெடலில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வீண் ஓட்டம் வருகிறது. முன்னால் போகிற லாரி திடீரென்று நிற்கும்போது அந்த ஒரு சென்டிமீட்டரின் விலை தெரியும். ஓ-ரிங் போடுவது தவறில்லை. டிஸ்க்கை அளக்காமல் ஓ-ரிங் போடுவது, காய்ச்சலைப் பார்க்காமல் தெர்மாமீட்டரை ஐஸில் வைப்பது மாதிரி.

ஐந்தாவது வைத்தியத்தைச் சொல்லும்போதே கை நடுங்குகிறது. உருண்டை அரத்தை எடுத்து காலிப்பர் போல்ட் ஓட்டையை முட்டை வடிவமாக ராவி, காலிப்பரை 'நேராக்குவது'. அல்லது ஒரு காதுக்கு மட்டும் ஒரு வாஷரைச் சொருகுவது. பேட் சாய்வாகத் தேய்கிறதே, காலிப்பரைக் கொஞ்சம் சாய்த்துவிட்டால் சரியாகிவிடும் என்கிற தர்க்கம்! டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பக்கமும் ஆடும்போது எந்தப் பக்கத்துக்குச் சாய்ப்பார்கள்? அதைவிட மோசம், அந்த போல்ட்டுகள்தான் பிரேக் பிடிக்கும் விசை முழுவதையும் தாங்குகின்றன. ஓட்டை அகலமானால் காலிப்பர் நகர இடம் கிடைக்கிறது. நகர ஆரம்பித்த போல்ட் தளரும். தளர்ந்த பிறகு நடப்பதை விவரிக்க வேண்டாம்.

பின் பிரேக்தானே, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பக்கம்தானே என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் 1965, 66 மாடல்களின் மாஸ்டர் சிலிண்டரைத் திறந்து பார்க்கட்டும். பவர் பிரேக் இல்லாதவற்றில் ஒரே அறை. நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. ஒரு பின் காலிப்பரில் சேர்ந்த காற்று போதும், மிதிக்கிற அழுத்தம் முழுவதும் அந்தக் காற்றை நசுக்குவதிலேயே போய்விடும், நல்ல நிலையில் இருக்கும் முன் காலிப்பருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேராது. 1967 மாடலில்தான் முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று இரட்டை அறை எல்லாக் காருக்கும் வந்தது. ஆக, அதிக விலைக்குப் போகிற அந்த முதல் இரண்டு வருடத்துக் கார்களில்தான் இந்தச் சோம்பேறித்தனம் மிக ஆபத்தானது.

அப்படியானால் என்னதான் செய்வது? பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரு டயல் கேஜ், அதைப் பிடிக்க ஒரு ஸ்டாண்ட், ஒரு செட் ஃபீலர் கேஜ், ஒரு மதியப் பொழுது.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட வேண்டும் (ஹோஸில் தொங்கவிடுபவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு வசவு எழுதலாம்). முதலில் அளக்க வேண்டியது டிஸ்க் அல்ல, பேரிங். ஸ்பிண்டிலை உள்ளும் வெளியும் இழுத்துத் தள்ளினால் எவ்வளவு ஆடுகிறது என்று டயல் கேஜ் சொல்லும். 0.001-ல் இருந்து 0.008 அங்குலம் வரை இருக்கலாம் என்பது கம்பெனி கொடுத்த அளவு. அதைத் தாண்டிவிட்டால் மேற்கொண்டு எதை அளந்தும் பயனில்லை, அளப்பது டிஸ்க்கின் ஆட்டத்தை அல்ல, பேரிங்கின் ஆட்டத்தை. பேரிங் சரி செய்வது இந்தக் காரில் கடினமான வேலை, அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஸ்பிண்டிலை பிரஸ் பண்ணி வெளியே எடுத்து, உள்ளே ஷிம் மாற்றி அளவைக் கொண்டுவர வேண்டும். இந்த ஒரு வேலைக்குப் பயந்துதான் பல பட்டறைகள் 'காலிப்பர் அலைன்மென்ட்' என்று பில் போடுகின்றன.

பேரிங் சரி என்றால் பிளாஞ்சின் முகத்தையும் டிஸ்க்கின் பின்முகத்தையும் துரு போக உப்புத்தாள் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். அழுக்கு என்று அலட்சியம் வேண்டாம். பிளாஞ்ச் சுமார் 6 அங்குலம், டிஸ்க் 11.75 அங்குலம். பிளாஞ்சின் ஓரத்தில் 0.001 கனத்துக்கு ஒரு துருப் பொருக்கு மாட்டிக்கொண்டால் டிஸ்க்கின் ஓரத்தில் அது 0.002 ஆக வளர்ந்து நிற்கும். பிறகு டிஸ்க்கை வைத்து ஐந்து நட்டையும் ஒரே சீராக முடுக்கி, விளிம்பில் இருந்து அரை அங்குலம் உள்ளே டயல் கேஜை வைத்து மெதுவாகச் சுற்றினால் முள் உண்மையைச் சொல்லிவிடும். பிடிக்கவில்லையா? டிஸ்க்கைக் கழற்றி அடுத்த போல்ட்டுக்குத் திருப்பி மறுபடி அளக்க வேண்டும். ஐந்து நிலை, ஐந்து அளவு. எது குறைவோ அதுதான் அந்த டிஸ்க்கின் வீடு. ஒரு கோடு போட்டு வைத்துவிட்டால் அடுத்து வருபவர் வாழ்த்துவார்.

ஐந்து நிலையிலும் அளவு அதிகம் என்றால் டிஸ்க்குக்கும் பிளாஞ்சுக்கும் நடுவே ஆப்பு மாதிரிச் சரிந்த மெல்லிய ஷிம் வைக்கலாம், அல்லது காரிலேயே வைத்து டிஸ்க்கைக் கடையலாம். கடைவதில் கனம் குறையும், அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. ஷிம் வைப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இத்தனைக்கும் பிறகுதான் காலிப்பரின் முறை! அதை மாட்டி, பேட் இல்லாமல், காலிப்பர் உடம்புக்கும் டிஸ்க்குக்கும் இடையே மேலேயும் கீழேயும், உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். உள்பக்க இடைவெளியும் வெளிப்பக்க இடைவெளியும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பிஸ்டன்கள் அதைச் சமாளித்துக்கொள்ளும். மேலே ஒரு அளவு கீழே ஒரு அளவு என்று சாய்ந்திருந்தால்தான் பேட் சாய்வாகத் தேயும். அப்போதும் அரத்துக்கு வேலையில்லை. பிராக்கெட் முகத்தில் துரு அப்பியிருக்கிறதா, முன்பு யாரோ சுத்தியலால் அடித்து பிராக்கெட் வளைந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். வளைந்த பிராக்கெட்டை மாற்றுவதுதான் வைத்தியம். காலிப்பரும் ஸ்பிண்டிலும் ஒரே தாங்கியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. டிஸ்க் நேர், பேரிங் நேர், பிராக்கெட் நேர் என்றால் காலிப்பர் கோணலாக நிற்க வேறு காரணமே கிடையாது.

இது ஏதோ கார்வெட்டுக்கு மட்டும் வந்த சாபம் என்று நினைப்பவர்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டி இங்கிலாந்துப் பக்கம் பார்க்கலாம். 1961-ல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பில் பின் டிஸ்க் சக்கரத்தில் இல்லை, உள்ளே டிஃபரன்ஷியல் ஓரத்தில் இருக்கிறது. டிஃபரன்ஷியலில் இருந்து வரும் பிளாஞ்சுக்கும் அரை அச்சுக்கும் நடுவே டிஸ்க் சாண்ட்விச் மாதிரி. டிஸ்க்கின் உள்பக்கம் ஷிம், அது டிஸ்க்கை காலிப்பரின் நடுவுக்குக் கொண்டுவர. வெளிப்பக்கமும் ஷிம், அது சக்கரத்தின் சாய்வுக்கு. ஏனென்றால் அந்தக் காரில் அரை அச்சுதான் சஸ்பென்ஷனின் மேல் கையும்கூட. (கார்வெட்டிலும் 1963 முதல் 1982 வரை அதே ஏற்பாடுதான்.) அதனால் உள்பக்கம் ஒரு ஷிம்மைக் கூட்டினால் வெளிப்பக்கம் அதே கனத்தைக் குறைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பிரேக்கைச் சரி செய்யப் போய்ச் சக்கரத்தைச் சாய்த்த கதைதான். இங்கே வடிவமைத்தவர்களே சொல்கிறார்கள்: நகர்த்த வேண்டியது டிஸ்க்கை, காலிப்பரை அல்ல. அதற்கான ஷிம்மைக் கையிலும் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் அந்த இடத்துக்குக் கை போவது கஷ்டம், முழு பின் அமைப்பையும் கீழே இறக்கினால்தான் நிம்மதியாக வேலை செய்ய முடியும் என்பதால், பழைய ஷிம் எத்தனை இருந்தது என்று எண்ணாமலேயே புது டிஸ்க்கை மாட்டிவிட்டு 'ஜாகுவார் அப்படித்தான்' என்று சொல்பவர்கள் அங்கேயும் உண்டு. கண்டம் மாறினாலும் வசனம் மாறவில்லை.

பட்டறைகளை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. ஜெனரல் மோட்டார்ஸுக்கும் பங்கு உண்டு, பெரிய பங்கு. தொழிற்சாலைக்குள் இருக்கும் பெரிய மெஷினில் ஒரு முறை நேராக்கி, ரிவெட் அடித்து, வெளியே அனுப்பினார்கள். ஹேண்ட் பிரேக் கட்டை தேயும், டிஸ்க் தேயும், அன்றைக்கு இந்த ரிவெட்டை எடுக்கத்தான் வேண்டும் என்று தெரிந்தே அப்படிச் செய்தார்கள். அந்தத் தொழிற்சாலையின் துல்லியத்தை ஏதோ ஒரு சிற்றூரில் இருக்கும் மெக்கானிக் வெறும் கையால் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றால் எப்படி? ஜாகுவார் மாதிரி ஷிம் வைக்க ஒரு ஏற்பாடாவது செய்திருக்கலாம். பதினெட்டு மாடல் வருடம் அதே வடிவத்தை வைத்துக்கொண்டு, 1984 மாடலில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வழுக்கும் காலிப்பருக்குப் போனார்கள். (1983 மாடல் என்று ஒன்று விற்பனைக்கே வரவில்லை.) அந்த மாற்றமே ஒரு ஒப்புதல் வாக்குமூலம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதற்காக, 'எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு நவீன பிரேக் போடு' என்பவர்கள் சொல்வதும் சரியாகிவிடாது. ஆடுகிற பிளாஞ்சில், லூஸான பேரிங்கில் எந்த விலை உயர்ந்த காலிப்பரைக் கொண்டுவந்து வைத்தாலும் டிஸ்க் ஆடத்தான் போகிறது. நவீன காலிப்பர் அதைப் பொறுத்துக்கொள்ளும், சத்தம் போடாமல் மறைத்துவிடும். பேரிங் தேய்ந்துகொண்டே இருப்பது யாருக்கும் தெரியாமல் போகும். பழைய காலிப்பர் குறைந்தபட்சம் பெடல் வழியாகப் புகாராவது சொல்லியது!

எதிர்க் கட்சியில் இன்னொரு கோஷ்டி, ஒரிஜினல் பக்தர்கள். தொழிற்சாலை ரிவெட்டைத் தொட்டால் காரின் மதிப்பு போய்விடும் என்று பேரிங்குக்கு கிரீஸ் கூட வைக்காமல் பூஜை செய்பவர்கள். ஓடும்போது டிஸ்க்கைப் பிடித்திருப்பது ஐந்து வீல் நட்டுகள். ரிவெட் இருப்பது சேர்த்துக் கடைவதற்காக. ஒரு கோடு போட்டுவிட்டு, எடுத்து, அதே நிலையில் திரும்ப வைத்தால் ரிவெட் இல்லாததால் பிரேக்குக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கண்காட்சியில் மார்க் போடுகிறவர் குனிந்து பார்ப்பாரே என்ற கவலை இருந்தால் அளந்து முடித்த பிறகு புது ரிவெட் அடித்துக்கொள்ளலாம், யார் வேண்டாம் என்றது?

'இதற்கெல்லாம் நேரம் ஏது, செலவு யார் தருவது' என்பது கடைசி ஆயுதம். ஒரு சாதாரண டயல் கேஜும் ஸ்டாண்டும் ஒரு செட் ஸ்லீவ் காலிப்பரை விடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஒரு முறை வாங்கினால் ஆயுசுக்கும் வரும். வருடா வருடம் சீல் கிட், ஆயில், கூலி என்று கொட்டுபவர்கள்தான் செலவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது வேடிக்கை. மெக்கானிக்கிடம் கொடுப்பவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "பின் டிஸ்க் ரன்-அவுட் எவ்வளவு வந்தது, எண்ணைச் சொல்லுங்க?" எண் வந்தால் வண்டியை விடலாம். 'அதெல்லாம் பார்த்தாச்சு சார்' என்று வந்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

எல்லாம் நேராகி, நட்டை ஏர் கன்னால் அடித்துக் கோணலாக்காமல் டார்க் ரெஞ்சில் முடுக்கி முடித்த பிறகுதான் ஏர் எடுக்க வேண்டும். பின் காலிப்பர் ஒவ்வொன்றிலும் நிப்பிள் இரண்டு. ஒன்று உள்பக்கம், இன்னொன்று வெளிப்பக்கம், சக்கரத்தைக் கழற்றினால்தான் கை போகும். மொத்தக் காருக்கும் ஆறு. சக்கரத்தைக் கழற்றச் சோம்பல்பட்டு உள்பக்கத்தில் மட்டும் எடுத்துவிட்டு, வெளிப்பக்கக் காற்றை அப்படியே உள்ளே விட்டுவிட்டு, 'பார்த்தீங்களா, அளந்தும் ஒண்ணும் ஆகலை' என்று சொல்லக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.